குளிர்மலையில் ஒரு கம்ப்ரஸர்

பழனி மலையின் மேல்தட்டில் இருக்கும் கோடைக்கானலில் காருக்குக் குளிர்சாதனம் எதற்கு என்று கேட்பவர், காரை அது நிற்கும் ஊரோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறார். அது ஏறி இறங்கும் சாலையைக் கணக்கில் எடுப்பதில்லை. வத்தலக்குண்டு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டரில் கிடக்க, கோடைக்கானல் 2,100 மீட்டரைத் தொட்டு நிற்கிறது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பணி முடிந்து, மேஜர் லா என்பவரின் பெயரால் அறியப்பட்ட மலைப்பாதை இவ்விரண்டையும் இணைக்கிறது. மே மாத நண்பகலில் கீழே வெப்பம் 38, 39 டிகிரிக்கு ஏறும்போது மேலே அது 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் ஒரே வண்டி இரண்டு பருவங்களைக் கடந்துவிடுகிறது. இந்த இரட்டை வாழ்க்கையில் காரின் பிற உறுப்புகளைவிட அதிகம் சோதிக்கப்படுவது ஏ.சி. கம்ப்ரஸர்தான். அதுவும் ஓடித் தேய்வதைவிட மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தே கெடுகிறது என்பது சமவெளி மெக்கானிக்குகள் எளிதில் நம்பாததும் மலைவாசிகள் கைப்பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டதுமான உண்மை. கோடைக்கானல் நாயுடுபுரத்து அம்பாசிடர் ஒன்றின் கம்ப்ரஸர் இறுகிப்போய், அது கழற்றப்பட்டு வேறொன்று பொருத்தப்பட்டதை அருகிலிருந்து பார்த்தவரின் நினைவுகள் அந்த உண்மையைச் சுற்றியே அமைகின்றன.

அந்த வண்டி, இதை எழுதுபவரின் தந்தையார் பணி ஓய்வு பெற்ற காலத்தில், 1990களின் நடுப்பகுதியில், மதுரை ஜவுளி வணிகர் ஒருவரிடமிருந்து பழைய விலைக்கு வாங்கிய அம்பாசிடர் மார்க் 4. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரித்த கார் அம்பாசிடர். அதன் மார்க் 4 வகை 1979-இல் வந்தது. 1,489 சி.சி. கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரைத்திறனும் கொண்ட அதன் பெட்ரோல் எஞ்சின் குளிர்சாதனத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதன்று. ஆகவே அக்காலத்தில் வசதி படைத்தவர்கள் மதுரை, கோவை, சென்னை போன்ற ஊர்களின் பட்டறைகளில் வெளியிலிருந்து ஏ.சி. பொருத்திக்கொண்டார்கள். கூலிங் காயிலும் காற்றாடியும் அடங்கிய பெட்டி ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே பயணியின் முழங்காலுக்கு நேராகத் தொங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் நிற்கும். எஞ்சினின் பக்கவாட்டில் இரும்புப் பட்டையால் செய்த தாங்கியில் கம்ப்ரஸர் அமரும். மதுரை வெயிலுக்காகப் பொருத்தப்பட்ட அந்த ஏற்பாடு உரிமையாளர் மாறியதும் மலைக்கு ஏறியது. ஏறியபின் அதற்கு ஆண்டில் சில நாட்களே வேலை இருந்தது.

கம்ப்ரஸர் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்வது இங்கே தேவைப்படுகிறது. குளிர்சாதனச் சுற்றில் ஓடும் குளிர்பொருள், அதாவது மெக்கானிக்குகள் 'காஸ்' என்று மட்டும் சொல்லும் வேதிப்பொருள், கூலிங் காயிலுக்குள் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது காரின் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை உறிஞ்சி, அழுத்திச் சூடாக்கிக் கண்டென்சருக்குத் தள்ளுவது கம்ப்ரஸர். கண்டென்சரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகி, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த டிரையர் பாட்டில் வழியாகவும், திரவத்தைச் சிறு துளையில் நெருக்கி அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகவும் மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது. எஞ்சின் முழுநேரமும் சுழன்றாலும் கம்ப்ரஸர் முழுநேரமும் சுழலவேண்டியதில்லை. அதன் முன்முகத்தில் இருக்கும் மின்காந்த கிளட்ச், மின்சாரம் பாயும்போது மட்டும் புல்லியைக் கம்ப்ரஸரின் தண்டோடு பிணைக்கிறது. இந்த கிளட்சின் அருமை, அது இல்லாத காலத்தை நினைத்தால்தான் புரியும். அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் தன் 1940 மாடல் கார்களில் குளிர்சாதனம் தந்தபோது அதற்கு கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றவேண்டியிருந்தது.

நாயுடுபுரத்து வண்டியில் இருந்தது, ஜப்பானின் குன்மா மாநிலத்தைச் சேர்ந்த சாண்டன் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய 508 வகைக் கம்ப்ரஸர். அலுமினிய உடலுக்குள் ஐந்து சிறிய பிஸ்டன்கள் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். தண்டோடு சேர்ந்து சுழலும் சாய்வான தட்டு ஒன்று, தான் சுழலாமல் அசைந்தாடும் இன்னொரு தட்டைத் தள்ள, அந்த ஆட்டமே பிஸ்டன்களை முன்னும் பின்னும் நகர்த்தும். தண்டு ஒருமுறை சுற்றினால் 138 கன சென்டிமீட்டர் ஆவி நகரும். அதற்கு முந்திய தலைமுறையின் இரட்டைப் பிஸ்டன் கம்ப்ரஸர்கள் தந்த அதிர்வை நினைவில் வைத்திருப்பவர்கள், கையில் தூக்கக்கூடிய இந்த ஐந்து பிஸ்டன் கருவியைப் பெரிய முன்னேற்றமாகவே கருதினார்கள். அது சரியான மதிப்பீடுதான். இன்றும் பழைய காருக்கு ஏ.சி. வைக்க விரும்புபவர்களுக்கு இந்த வகையும் இதன் வழிவந்தவையும் கிடைப்பதும், இவற்றின் கிளட்ச், பேரிங், சீல் எல்லாம் தனித்தனியாக வாங்க முடிவதும், பழைய வண்டிகளைக் காக்கிறவர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு.

கம்ப்ரஸருக்கு எஞ்சினைப்போலத் தனி எண்ணெய்க் கிணறும் எண்ணெய்ப் பம்பும் கிடையாது. 100 முதல் 200 மில்லி லிட்டருக்குள் அடங்கும் எண்ணெய் காஸோடு கலந்து சுற்று முழுவதும் பயணம் செய்து திரும்பி வருகிறது. வரும் வழியில் பிஸ்டன்களையும் தட்டுகளையும், தண்டு உடலைவிட்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் சீலையும் நனைக்கிறது. கார்பன் வளையம் ஒன்று மெருகேற்றிய உலோக இருக்கையின்மேல் அழுந்தி நிற்பதே அந்தச் சீல். இரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் உண்மையில் காஸைத் தடுத்து நிறுத்துவது. வண்டியில் ஏ.சி. பல மாதங்கள் போடப்படாமல் இருந்தால் எண்ணெய் கீழே இறங்கிவிடும், படலம் வற்றும், ரப்பர் வளையங்கள் இறுகும், காஸ் கண்ணுக்குத் தெரியாமல் கசியத் தொடங்கும். வெளியேறும் காஸ் கொஞ்சம் எண்ணெயையும் உடன் கொண்டுபோகிறது. நாயுடுபுரத்து வண்டியின் பானெட்டைத் திறந்தால், கிளட்ச் தட்டுக்குப் பின்னால் கருமையான பிசுக்கு வளையம் ஒன்று படிந்திருந்ததும், புல்லி சுழலும் தளத்துக்கு நேர் மேலே பானெட்டின் உட்புறத்தில் அதே பிசுக்கு ஒரு கோடாகத் தெறித்திருந்ததும் இன்றும் நினைவிலிருக்கின்றன. தண்டுச் சீல் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எந்தக் கருவியாலும் கிடைக்காது. ஆனால் மலைக்காரர்கள் அதைப் பார்த்தும் பொருட்படுத்துவதில்லை, ஏ.சி.யே தேவைப்படாத ஊரில் ஏ.சி. கசிந்தால் என்ன என்ற நினைப்பு. கோடை விடுமுறையில் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கும் நாளில்தான் குளிர் வரவில்லை என்பது தெரியும்; அப்போது வழியில் தென்படும் பட்டறையில் நிறுத்திக் கொஞ்சம் 'காஸ் போட்டுக்கொண்டு' போவார்கள்.

அப்படிப் போட்ட காஸ்தான் பின்னாளில் பெருஞ்செலவுக்கு வித்திட்டது. வண்டியில் முதலில் இருந்தது ஆர்-12 எனப்படும் குளோரோபுளோரோகார்பன். பூமியிலிருந்து கசியும் இந்த வகைப் பொருட்கள் மேல்வளிமண்டலத்துக்குச் சென்று, அங்கே புறஊதாக் கதிரால் சிதைந்து குளோரினை வெளிவிட்டு, ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் சுட்டிக்காட்டினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளியிடப்பட்டது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது. இந்தியாவில் இப்பொருட்களைத் தயாரித்த ஆலைகளில் ஒன்று தமிழ்நாட்டில் மேட்டூரில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குமுறை விதிகளுக்குப்பின் ஆர்-12 சந்தையில் படிப்படியாகக் குறைந்து, 2008-இல் அதன் உற்பத்தி நின்றது. தந்தையார் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். கோடைக்கானல் வானியல் ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது அவருக்கு ஆண்டுதோறும் வழக்கம். 1899-இல் நிறுவப்பட்டு, சூரியப்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததால் உலகப் புகழ்பெற்ற அந்த மலையுச்சியில், சூரிய ஒளியைப் பகுத்து வானத்தில் உள்ள ஓசோனின் அளவைக் கணக்கிடும் டாப்ஸன் கருவியை இந்திய வானிலைத் துறை நெடுங்காலமாக இயக்கிவந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். ஓசோனை அளக்கும் மலையிலேயே தம்முடைய வண்டியிலிருந்து ஓசோனை அரிக்கும் காஸ் கசிகிறது என்பது அவருக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை. ஆர்-12 தேடி அலைவதை அவர் விட்டதற்கு அது கிடைக்காமல் போனது மட்டும் காரணமில்லை.

ஆர்-12-க்கு மாற்றாக வந்தது ஆர்-134ஏ. இதில் குளோரின் கிடையாது. ஆகவே ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் ஆர்-12-உடன் இணக்கமாகக் கலந்த கனிம எண்ணெயை இது தன்னோடு கலக்கவிடாது என்பதுதான் பழைய வண்டிகளுக்கு வந்த இடர். கலக்காத எண்ணெய் காஸோடு பயணம் செய்யாமல் கூலிங் காயிலின் அடியிலும் குழாய் வளைவுகளிலும் தங்கிவிடும். சுற்றில் எண்ணெய் இருந்தும் கம்ப்ரஸருக்கு எண்ணெய் வந்துசேராது. எனவே மாற்றுகிறவர் பழைய எண்ணெயை வடித்து, ஆர்-134ஏ-உடன் சேரும் பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெயை ஊற்றி, டிரையர் பாட்டிலையும் ரப்பர் வளையங்களையும் மாற்றியபிறகே புதிய காஸை ஏற்றவேண்டும். அடிவாரத்தில் ஒரு பட்டறையில், வண்டி அவசரமாக நின்ற ஒரு பிற்பகலில், இவை எதுவும் செய்யப்படாமல் பழைய எண்ணெயின்மேல் புதிய காஸ் ஏற்றப்பட்டது. அன்றைக்குக் குளிர் நன்றாகவே வந்தது. அதுதான் இந்தக் குறுக்குவழியின் கொடுமை. பலன் அன்றே கிடைக்கிறது, சேதம் பின்னால் வருகிறது.

சேதம் 2005-ஐ ஒட்டிய ஒரு கோடையில், வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போது, டம்டம் பாறைக்குக் கீழே உள்ள வளைவுகளில் வெளிப்பட்டது. முதலில் கிளட்ச் இணையும்போதெல்லாம் அம்மியில் கல் உரசுவது போன்ற ஒலி. பிறகு பெல்ட்டின் நீண்ட கிறீச்சிடல். அதன்பின் ரப்பர் கருகும் நாற்றமும் மெல்லிய புகையும். தண்டு இறுகிவிட, எஞ்சின் சுற்றும் பெல்ட் நகராத புல்லியின்மேல் வழுக்கித் தேய்ந்துகொண்டிருந்தது. ஏ.சி. சுவிட்சை அணைத்தவுடன் கிளட்ச் விலகி, புல்லி தன் பேரிங்கில் தனியாகச் சுழல ஆரம்பித்ததால் வண்டி அந்த நாளில் ஊர் போய்ச் சேர்ந்தது. பழைய கார் ஓட்டுபவர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது: இறுகிய கம்ப்ரஸர் வண்டியை நிறுத்திவிடாது, கிளட்சும் புல்லி பேரிங்கும் நன்றாக இருக்கும்வரை அதைச் சுமையாக மட்டும் இழுத்துக்கொண்டு போகலாம்.

கழற்றிய கம்ப்ரஸரைத் திண்டுக்கல்லில் ஏ.சி. வேலை மட்டும் செய்யும் மெக்கானிக் ஒருவர் மேசைமேல் வைத்துப் பிரித்தார். கிளட்ச் தட்டின் நடுவில் உள்ள நட்டைக் கழற்றி, மூன்று போல்ட் பிடிக்கும் புல்லரால் தட்டை இழுத்தெடுத்து, சாவியையும் மெல்லிய ஷிம் வளையங்களையும் துணியில் வரிசையாக வைத்து, சுருள்வளையத்தை இடுக்கியால் எடுத்துப் புல்லியை உருவியபின், முன்முகத்தைத் திறந்தார். உள்ளே எஞ்சியிருந்த எண்ணெய் உள்ளங்கையை நனைக்கும் அளவுக்கே இருந்தது. நிறம் கறுத்து, விரலிடையே தேய்த்தால் வெள்ளிப்பொடி மின்னியது. சாய்வுத் தட்டின் முகம் நீலம் பாரித்திருந்தது. உலோகம் எண்ணெயின்றி உராய்ந்து கொதித்ததன் தடயம் அது. பிஸ்டன்களில் இரண்டில் நீளவாக்கில் ஆழமான கீறல்கள் விழுந்திருந்தன. இந்த நிலையில் சீலையும் பேரிங்கையும் மாற்றி ஓட்டுவது வீண்வேலை என்று அவர் சொன்னதும், எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் இருந்த சல்லடையைக் கழற்றி அதில் அடைந்திருந்த உலோகத் துகளைக் காட்டியதும் ஒரே நேரத்தில் நடந்தன. வெறும் சீல் கசிவாக இருந்திருந்தால் பழுதுபார்ப்பதே அறிவு. உலோகம் சிதறியபின் கம்ப்ரஸரை மாற்றுவதும் சுற்று முழுவதையும் கழுவுவதும் தவிர வேறு வழியில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் 'கம்ப்ரஸர் போயிடுச்சு' என்று தீர்ப்பளிப்பவர்களும், எல்லாவற்றுக்கும் 'காஸ் போட்டால் போதும்' என்று அனுப்பிவிடுபவர்களும் பழைய வண்டிக்காரருக்கு ஒரே அளவு கேடு செய்கிறார்கள்.

மாற்றாக வாங்கப்பட்டதும் அதே 508 வகைதான். அதைவிடப் பெரியதைப் போடலாம் என்று பேச்சு எழாமலில்லை. ஆனால் கம்ப்ரஸர் ஓடும்போது எஞ்சினிடமிருந்து சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் திறனே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 50 குதிரைத்திறன் எஞ்சினில் இவ்விரண்டையும் கழித்தால் கொண்டை ஊசி வளைவில் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். ஆகவே அளவு கூட்டப்படவில்லை. பழைய தாங்கியில் ஒரு காது வளைந்திருந்ததை லேத் பட்டறையில் நிமிர்த்தி, இரும்பு அளவுகோலைக் கிராங்க் புல்லியின் முகத்திலிருந்து கம்ப்ரஸர் புல்லியின் முகம்வரை வைத்து இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். தளம் பிசகினால் பெல்ட் ஓரமாகத் தேயும், பேரிங் பாடும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர், அதை ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளால் மூன்று இடங்களில் அளந்து, ஷிம் ஒன்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தார்கள். குழாய்களும் கூலிங் காயிலும் கண்டென்சரும் கழுவுதிரவத்தால் அலசப்பட்டு நைட்ரஜனால் ஊதி உலர்த்தப்பட்டன. அன்று பரவலாகப் பயன்பட்ட ஆர்-141பி என்ற அந்தக் கழுவுதிரவமும் ஓசோனுக்கு ஓரளவு தீங்கானதே. பிற்பாடு அதுவும் விலக்கப்பட்டது. உலோகத்துகள் புகுந்த எக்ஸ்பான்ஷன் வால்வும், ஆர்-134ஏ-வுக்கு ஒவ்வாத பழைய உறிஞ்சுமணிகள் கொண்ட டிரையர் பாட்டிலும் தூக்கி எறியப்பட்டன.

திண்டுக்கல்லிலேயே எல்லாம் முடிந்திருந்தால் இந்த நினைவில் எழுதத்தக்க பகுதி பாதியாகக் குறைந்திருக்கும். வண்டியின் வேறு வேலைகள் கோடைக்கானலில் நடந்துகொண்டிருந்ததால், கம்ப்ரஸரைப் பொருத்தி வேக்குவம் எடுத்து காஸ் ஏற்றும் இறுதிக்கட்டம் நாயுடுபுரத்து வீட்டு வாசலில் நடந்தது. மெக்கானிக் தம்முடைய வேக்குவம் பம்பையும் கேஜ் செட்டையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேக்குவம் எடுப்பது என்பது காஸ் ஏற்றுவதற்குமுன் சுற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றுவது. சமவெளியில் நல்ல பம்பு ஓடினால் கேஜின் முள் 29 அங்குலத்தை ஒட்டி இறங்கி நிற்கும். அன்று காலை முள் 23 அங்குலத்தைத் தாண்ட மறுத்தது. "சார், எங்கேயோ லீக் இருக்கு; பம்பு நல்லாத்தான் இழுக்குது" என்று அவர் ஒவ்வோர் இணைப்பாக மீண்டும் இறுக்கினார். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தும் எங்கும் குமிழி வரவில்லை.

விளக்கம் தந்தையாரிடமிருந்து வந்தது. பள்ளிச் சோதனைக்கூடத்துப் பாரமானியில் பாதரசம் 760 மில்லிமீட்டருக்குப் பதில் 590-ஐ ஒட்டி நிற்பதை ஆண்டுகள் பலவாக மாணவர்களுக்குக் காட்டிவந்தவர் அவர். கேஜ் காட்டுவது தனித்த அழுத்தத்தையன்று. சுற்றுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அது காட்டுகிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசத்துக்குச் சமம். உள்ளே எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால் முள் அந்த அளவை நெருங்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்று கொண்டால், 7,000 அடி உயரத்தில் வெளிக்காற்றே 23 அங்குலம்தான். உள்ளே முழு வெற்றிடம் இருந்தாலும் முள் அதற்குமேல் போக வழியில்லை. பம்பை நிறுத்தி வால்வுகளை மூடிவிட்டுக் காத்திருந்தபோது முள் இம்மியும் நகராததால், கசிவு இல்லை என்பது உறுதியானது. மெக்கானிக் அதை ஏற்றுக்கொண்ட விதம் பாராட்டத்தக்கது. மறுத்துப் பேசாமல், ஆசிரியர் சொன்ன கணக்கைத் தம் கேஜ் பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டார்.

உயரத்தோடு குளிரும் கணக்கை மாற்றுகிறது. வேக்குவத்தின் நோக்கம் குழாய்களில் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கவைத்து ஆவியாக வெளியே எடுப்பது. 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் நீர் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே கொதித்துவிடும். 15 டிகிரியில் நிற்கும் வண்டியில் அதற்கு 13 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியாக வேண்டும். ஆகவே மலையில் பம்பை நெடுநேரம் ஓடவிட வேண்டும். இடையில் எஞ்சினை ஓட்டிப் பானெட்டுக்குள் சூடேற்றுவதும் உதவும். காஸ் ஏற்றும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஆர்-134ஏ சிலிண்டருக்குள் 38 டிகிரியில் 9.5 பாரைத் தாண்டும் அழுத்தம் 15 டிகிரியில் ஏறத்தாழ 5 பாராகச் சுருங்கிவிடுவதால், காஸ் சோம்பலாகவே இறங்கும். மெக்கானிக் சிலிண்டரை வெதுவெதுப்பான நீர் நிறைந்த வாளியில் நிறுத்தினார். நெருப்பில் காட்டுபவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. வாளியைவிட முக்கியமானது தராசு. அழுத்தத்தைப் பார்த்து காஸ் ஏற்றிப் பழகியவர், மலைக்குளிரில் முள் தமக்குப் பழகிய எண்ணுக்கு வரும்வரை ஏற்றிக்கொண்டே போனால், வண்டி சமவெளிக்கு இறங்கி வெயிலில் நிற்கும்போது அழுத்தம் அளவுக்குமீறி உயர்ந்து புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும். ஆகவே பக்கத்து மளிகைக் கடையிலிருந்து மின்னணுத் தராசு இரவல் வாங்கப்பட்டு, சிலிண்டர் அதன்மேல் ஏற்றப்பட்டது. ஆர்-12-க்கு உரிய எடையில் 80 முதல் 90 விழுக்காடு வரை ஆர்-134ஏ போதும் என்ற நடைமுறைப்படி, எடை மட்டுமே பார்த்து வால்வு மூடப்பட்டது.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கும் பட்டறைகளில், சமையல் காஸைக் குளிர்பொருளாக ஏற்றும் பழக்கம் இருந்ததையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். புரொப்பேன், பியூட்டேன் கலவை நன்றாகக் குளிர்விக்கும் என்பது உண்மை; கூலிங் காயில் பயணியின் முழங்காலுக்கு அருகே தொங்கும் பழைய அம்பாசிடரில் அது கசிந்தால், மூடிய கண்ணாடிகளுக்குள் தீப்பற்றும் வாயு நிரம்பும் என்பதும் உண்மை. அதற்காக வடிவமைக்கப்படாத வண்டியில் அதை ஏற்றுவதை எந்தச் சிக்கனத்தின் பேராலும் ஏற்க முடியாது.

குளிர் சரியாக வருகிறதா என்பதைக் கோடைக்கானலில் சோதிக்க இயலாது; வெளியே 16 டிகிரி இருக்கும்போது எந்த ஏ.சி.யும் நல்ல ஏ.சி.தான். வண்டி வத்தலக்குண்டுக்கு இறக்கப்பட்டு, நண்பகலில் பேருந்து நிலையத்துக்கு அப்பால் வெயிலில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கப்பட்டது. தொங்குபெட்டியின் காற்றுவாயில் செருகிய வெப்பமானி 10 டிகிரியை ஒட்டி நின்றது. ஆர்-12 காலத்தில் அது இன்னும் சற்றுக் கீழே போயிருக்கக்கூடும். பழைய கண்டென்சர் புதிய காஸுக்குப் போதிய அளவுள்ளதன்று என்பதால் இந்தச் சிறு இழப்பை மாற்றம் செய்கிற எவரும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் தரும்பொருட்டு, கிளட்சுக்குப் போகும் மின்கம்பியில் ஒரு சுவிட்சும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டது.

இந்த வேலையின் உண்மையான பயன் வெயில்காலத்தில் அல்லாமல் மழைக்காலத்தில் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கியதும் பெருமாள்மலையிலிருந்து வெள்ளி அருவி வரையிலான சாலையில் மேகம் இறங்கிவிடும். காருக்குள் இருப்பவர்களின் மூச்சும் நனைந்த கம்பளி உடைகளின் ஈரமும் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து, சில நிமிடங்களில் எதிரே வரும் பேருந்தின் விளக்கைக்கூட மறைக்கும். ஓட்டுநர்கள் ஒரு கையால் ஸ்டீயரிங்கும் மறுகையால் துணியுமாக வளைவுகளைக் கடப்பார்கள். ஏ.சி.யின் கூலிங் காயில் தன்மேல் படும் காற்றிலுள்ள ஈரத்தை நீராகச் சொட்டவைத்து வெளியேற்றிவிடுவதால், உள்ளே வருவது உலர்ந்த காற்று. பெட்டியின் காற்றுவாய்களை மேல்நோக்கித் திருப்பி ஏ.சி.யைப் போட்டால் கண்ணாடி தானே தெளியும். இப்பயன்பாடு ஐரோப்பியக் கார்களின் கையேடுகளில் அச்சிடப்பட்டது. பழனி மலையில் அதைப் பலர் அறியாமலே இருந்தார்கள். கோடைக்கானலில் காருக்குக் குளிர்சாதனம் எதற்கு என்ற கேள்விக்கு உரிய விடைகளில் இதுவே வலுவானது. கண்ணாடியைத் தெளிவிக்க வாரந்தோறும் ஓடிய கம்ப்ரஸரின் தண்டுச் சீல் எண்ணெயில் நனைந்தே இருந்தது. பானெட்டின் உட்புறத்தில் பிசுக்குக் கோடு மீண்டும் விழவில்லை. மழையில்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், எஞ்சின் சூடேறியபின், ஏ.சி.யைப் போட்டு அணைப்பதைத் தந்தையார் டயர் காற்றைப் பார்ப்பதைப்போன்ற கடமையாகவே வைத்திருந்தார். கடுங்குளிர் விடியலில் மட்டும் தெர்மோஸ்டாட் கிளட்சை இணைய விடாது. அப்போது நண்பகல்வரை காத்திருப்பார்.

இறுகிப்போன பழைய கம்ப்ரஸர் எடைக்குப் போடப்படவில்லை. பிஸ்டன்களும் சாய்வுத் தட்டும் பயனற்றுப் போயிருந்தாலும், அதன் கிளட்ச் காயிலும் பின்தலை மூடியும் நல்ல நிலையில் இருந்தன. காயிலின் இரு முனைகளையும் பேட்டரியில் தொட்டு, தட்டு இழுத்துக்கொள்ளும் ஒலியைக் கேட்டுச் சரிபார்த்த திண்டுக்கல் மெக்கானிக், பெரியகுளத்தில் அதே வகைக் கம்ப்ரஸரோடு காயில் எரிந்து நின்றுபோயிருந்த ஒரு பிரீமியர் பத்மினிக்கு அதைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். பின்தலை மூடி, தேவைப்படும் வண்டி வரும்வரை, பட்டறை அலமாரியில் எண்ணெய்த்துணி சுற்றி வைக்கப்பட்டது.